கவிதை மாலைக்கு வந்த நூற்று இருபது பேர்

எங்கள் கிர்கிஸ் ஊரான அர்பா-சாயில் அடுத்த மாதம் என்னென்ன நடக்கப்போகிறது என்பதை முப்பத்தோரு வருடம் ஊருக்குச் சொன்னவள் புருல். சந்தை வாசலில், பேருந்து வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, கலை மன்றத்தின் நிகழ்ச்சிப் பலகை இருக்கிறது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஒரு முக்காலியையும் இரண்டு பெயிண்ட் டப்பாவையும் தூக்கிக்கொண்டு அங்கே போவாள். பழையதை மண்ணெண்ணெய்த் துணியால் அழித்துவிட்டுப் புதியதை எழுதுவாள். பள்ளிக் குழந்தைகள் நடனம், மூன்று தந்திக் கோமுஸ் வாசிப்பு, தலைநகரத்து எழுத்தாளருடன் சந்திப்பு, முதியோருக்குத் தேநீர் விருந்து, பெண்கள் நெய்த கம்பளங்களின் கண்காட்சி. தேதி சிவப்பில், மற்றதெல்லாம் நீலத்தில். அவளுடைய கையெழுத்தைப் பார்த்துத்தான் என் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினார்கள்.

நான் மெலிஸ். அவள் வேலை பார்த்த கலை மன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நூலகம் பார்க்கிறவன். இருபது வருடம் அவளோடு ஒரே சமோவாரில் தேநீர் குடித்திருக்கிறேன். வயதில் மூத்தவள் என்பதால் ஊரே அவளை 'எஜே' என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான்.

மேய்ச்சல்காரர் வீட்டில் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவள். நகரத்துக் கலைப் பள்ளியில் மூன்று வருடம் படித்துவிட்டு, லாரி ஓட்டும் இஷேனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். இஷேன் வேலைக்கென்று ரஷ்யா போனான். போன இடத்தில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. ஒரே மகள் மீரிம், அவளும் வளர்ந்து மாஸ்கோவுக்குப் போய் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மேசை இழுப்பறையில் புருல் சில கட்டம் போட்ட நோட்டுகளை வைத்திருந்தாள். "என்ன எஜே அது?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, பழைய குறிப்பு" என்று சொல்லி இழுப்பறையைச் சாத்திவிட்டாள். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

அவள் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது நடந்தது இது. மார்ச் மாதம். எங்கள் டைரக்டர் தலந்த், நாற்பது வயசுக்காரன், கெட்டவன் என்று சொல்ல முடியாது. யாருக்கும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவன். ஏப்ரல் பட்டியலைத் தயார் செய்ய மூன்று பேரும் அவன் அறையில் உட்கார்ந்திருந்தோம்.

"ஒரு இடம் காலியா இருக்கு, தலந்த்," என்றாள் புருல்.

"என்ன போடலாம், எஜே? சதுரங்கப் போட்டி?"

"என்னைப் போடேன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"உங்களையா? என்னன்னு?"

"கவிதை மாலை. நான் வாசிக்கறேன்."

"நீங்க கவிதை எழுதுவீங்களா? எத்தனை நாளா?"

"நீ மூக்கொழுகிக்கிட்டு முற்றத்துல ஓடின நாள்லேர்ந்து."

தலந்த் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "இதை ஏன் எஜே இத்தனை வருஷம் சொல்லல? பெரிய ஹால்லயே வெச்சுடுவோம். இருபத்தாறு, சனிக்கிழமை, மூணு மணி. நான் மாலை போடறேன், பாருங்க." உண்மையாகத்தான் சொன்னான். அந்த நிமிடத்தில் அவன் சொன்னது அத்தனையும் உண்மை.

அந்த வெள்ளிக்கிழமை பலகையில் மற்ற எட்டு வரியை ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டாள். ஒன்பதாவது வரிக்கு மதியம்வரை ஆனது. 'கவிஞர் புருல் சாதிகோவா' என்று எழுதினாள். இறங்கித் தள்ளி நின்று பார்த்தாள். திரும்ப ஏறி 'கவிஞர்' என்ற சொல்லை மட்டும் துணியால் துடைத்தாள். எதிரே ரொட்டி விற்கிற ரக்கியா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாரு எஜே அந்த சாதிகோவா? நீங்களா?"

"நான்தான்."

"அடி ஆத்தி! முப்பது வருஷமா மூச்சு விடாம அமுக்கமா இருந்திருக்கீங்களே! என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கீங்களா?"

"உன் ரொட்டி வருஷத்துக்கு வருஷம் சின்னதாகறதப் பத்தி ஒண்ணு இருக்கு. வந்து கேளு."

சந்தை வாசலே சிரித்தது. எல்லோரும் வருகிறோம் என்றார்கள். கசாப்புக்கடைக்காரன் தன் மாமியாரையும் கூட்டிவருவதாகவும், அவளும் யாராவது பேசுவதைக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும் என்றும் சொன்னான். மீரிம் மாஸ்கோவிலிருந்து ஒரு கருநீலச் சால்வை அனுப்பினாள். புருல் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். தோளில் போட்டுப் பார்க்கவில்லை, காகிதத்தோடேயே காட்டிவிட்டு எடுத்துப் போனாள்.

இருபத்திரண்டாம் தேதி மாவட்டத்திலிருந்து போன் வந்தது. எங்கள் கோக்-பொரு குதிரை விளையாட்டு அணி மாகாணத்தில் முதலாவதாக வந்திருந்தது. குதிரை வீரர்களுக்குப் பாராட்டு விழா சனிக்கிழமைதான் வேண்டும், பெரிய ஹால்தான் வேண்டும்.

"ஒரு வாரம்தான், எஜே," என்றான் தலந்த். "மே மூணு. கவிதை என்ன, கெட்டா போயிடும்?"

அவள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்ச் சிவப்பை அழித்துப் புதிய தேதி எழுதினாள். மே மூன்றாம் தேதிக்கு உலகப் போர் வெற்றி நாள் ஒத்திகை வந்து விழுந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முந்நூறு பேர், ஊதுகுழல், மேளம். மறுபடி போய் அழித்தாள். மே பத்து என்று எழுதினாள். மே பத்தில் மாவட்டப் பெரிய மனிதர் ஒருவரின் தம்பி மகனுக்குக் கல்யாணம். ஹாலைக் கேட்டார்கள். தலந்தால் யாருக்குத்தான் இல்லையென்று சொல்ல முடியும்?

அந்தக் கல்யாணத்துக்கு ஊரே போயிருந்தது. நானும் போயிருந்தேன், புருலும் வந்திருந்தாள். தான் வாசித்திருக்க வேண்டிய அதே மூன்று மணிக்கு, அதே ஹாலில், மூன்றாவது மேசையில் உட்கார்ந்து ஆட்டிறைச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். புதுச் சால்வையைப் போட்டிருந்தாள். பக்கத்து மேசையிலிருந்து கசாப்புக்கடைக்காரன் குரல் கொடுத்தான்.

"எஜே, உங்க கவிதை எப்போ?"

"அடுத்த சனிக்கிழமை."

"எந்த வருஷத்து அடுத்த சனிக்கிழமை?"

மேசையே உருண்டு புரண்டு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள். அதற்குப்பின் அவள் அந்தப் பலகைக்குப் போகவில்லை.

மே பதினான்காம் தேதி ஓய்வு பெற்றாள். கேக் வெட்டினோம். சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தோம். தலந்த் கண் கலங்கப் பேசினான். ஜூன் மாதத்துப் பட்டியலை நகரத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து பலகைமேல் ஒட்டினார்கள். அதில் அவளுடைய வரி இல்லை. நான் கவனித்தேன். ஏன் என்று யாரையும் கேட்கவில்லை.

ஜூலை முதல் வாரத்தில் ஓய்வூதிய அலுவலகத்தில் ஏதோ சான்று கேட்டார்கள் என்று புருல் மன்றத்துக்கு வந்தாள். தலந்த் வெளியே போயிருந்தான். "அலமாரிதானே, நானே எடுத்துக்கறேன்" என்று மேலே போனாள். அந்த அலமாரியில் முப்பத்தோரு வருடத்துக் கோப்புகளையும் அடுக்கி முகப்பெழுதி வைத்தவளே அவள்தான். கால் மணி நேரத்தில் ஒரு கோப்போடு நூலகத்துக்கு இறங்கி வந்து என் மேசைமேல் திறந்து வைத்தாள். இரண்டாம் காலாண்டு அறிக்கை.

'ஏப்ரல் 26. புருல் சாதிகோவாவின் கவிதை மாலை. பெரிய ஹால். பார்வையாளர் 120. மாலை நெகிழ்ச்சியான சூழலில் நடந்தேறியது. வாசிப்பின் முடிவில் பார்வையாளர்கள் நீண்ட நேரம் கைதட்டினர்.' பக்கத்தில் ஒரு போட்டோ. மார்ச் எட்டு, பெண்கள் தினத்தன்று மேடையில் கையில் டூலிப் பூவோடு அவள் நிற்கும் படம். கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று தலந்துடையது. இன்னொன்று என்னுடையது.

"இது நீ போட்டதுதானே?"

"ஆமா எஜே."

"படிச்சியா?"

"இல்ல. காலாண்டு முடிவுல இருபது முப்பது காகிதம் வரும். எங்க போடணுமோ அங்க போட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. விரலை அந்த வரிமேல் வைத்தாள்.

"'நீண்ட நேரம் கைதட்டினர்.' இந்த வாக்கியம் யாரோடது தெரியுமா? என்னோடது. எண்பத்தெட்டுல நான் எழுதினது. அன்னிக்கு ஒரு விவசாய விஞ்ஞானி வரல. வந்தாருன்னு எழுதணும். அப்ப யோசிச்சுப் பிடிச்ச வாக்கியம். அதுக்கப்புறம் எது நடக்கலையோ அதுக்கெல்லாம் இதையேதான் போட்டேன். நடந்ததுக்கு இதைப் போட மாட்டேன். எனக்கு மட்டும் தெரியற மாதிரி ஒரு அடையாளமா வெச்சிருந்தேன்."

இருபது வருடமாக அந்த வாக்கியத்துக்குக் கீழே எத்தனை முறை கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

தலந்த் வந்ததும் அவள் மேலே போனாள். நானும் பின்னால் போய்க் கதவருகே நின்றேன். அவன் கோப்பைப் பார்த்ததும் முகம் சிவந்தான். ஆனால் ஒளிக்கவில்லை.

"பிளான்ல இருந்துச்சு, எஜே. பிளான்ல இருந்தா ரிப்போர்ட்லயும் இருக்கணும். இல்லன்னா ஏன் நடக்கலன்னு மூணு பக்கம் எழுதணும். மாவட்டத்துக்காரங்க ஹாலை எடுத்துக்கிட்டாங்கன்னு மாவட்டத்துக்கே எப்படி எழுதறது? நான் சேர்ந்த வருஷம் இதெல்லாம் எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"நான்."

"அப்புறம் என்ன?"

"நூத்தி இருபதுன்னு எதுக்குப் போட்ட?"

"நூறுக்குக் கீழ போனா பெரிய ஹால் எதுக்குன்னு கேப்பாங்க. அதையும் நீங்கதான் சொன்னீங்க."

அவள் தலையாட்டினாள். கோப்பை அலமாரியில் அதன் இடத்தில் வைத்துவிட்டு, கேட்டு வந்த சான்றை வாங்காமலே போய்விட்டாள்.

மறுநாள் திரும்பி வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். நூலகத்தின் மூலை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாக இறக்கி, அந்த வாக்கியம் வருகிற நிகழ்ச்சிகளைத் தனியாக எழுதி எடுத்தாள். நான்காவது நாள் ஒரு பெயரில் வந்து நின்றுவிட்டாள். துர்தாகுன்.

துர்தாகுன் இந்த ஊரின் கோமுஸ்காரர். ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில் அவருக்கு எழுபது நிறைந்தது. அதற்கு ஒரு மாலை என்று பலகையில் எழுதியிருந்தது. அன்று காலை கொதிகலன் வெடித்து ஹால் உறைந்துபோனது. அவருக்குச் சொல்லி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. கிழவர் பனியில் நடந்து வந்து, கோமுஸைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு, பூட்டிய கதவுமுன் நின்றிருந்தார். "வசந்தத்துல வெச்சுக்கலாம்" என்று புருல் சொல்லி அனுப்பினாள். மார்ச்சில் அவர் செத்துப்போனார். அறிக்கையில் அவருக்கு நூற்று ஐம்பது பார்வையாளர்கள்.

"அவர் சம்சாரம் இருக்காங்க. நீயும் வா," என்றாள்.

சைனப் கிழவி எங்களைத் தொர் என்கிற மரியாதை இடத்தில் உட்காரவைத்துத் தேநீரும் எண்ணெயில் பொரித்த போர்சோக்கும் வைத்தாள். புருல் எதையும் தொடவில்லை. நேராகச் சொல்லிவிட்டாள். உங்கள் வீட்டுக்காரரின் மாலை நடந்ததாகப் பொய்யாக எழுதியது நான், பிறகு அதை மறந்தும் போனேன் என்று.

கிழவி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "காகிதத்துல நடந்துச்சா?"

"ஆமா, எஜே."

"எத்தனை பேரு வந்தாங்கன்னு இருக்கு?"

"நூத்தி ஐம்பது."

"கைதட்டினாங்களா?"

புருல் என் பக்கம் திரும்பினாள். நான்தான் "நீண்ட நேரம்னு இருக்கு" என்றேன்.

கிழவியின் முகம் மலர்ந்தது. "இதை அப்பவே சொல்லியிருந்தா மனுஷன் சந்தோஷமாப் போயிருப்பாரே. அந்தக் காகிதம் எனக்குக் கிடைக்குமா? முத்திரை இருக்கில்ல? பேரன்களுக்குக் காட்டணும். தாத்தா சும்மா வீட்டுல உக்காந்து டொய்ங் டொய்ங்னு தட்டிட்டிருந்தாருன்னு நெனைக்குதுங்க."

வெளியே வந்ததும் புருல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். காகிதம் கேக்கறாங்க, மெலிஸ். காகிதம் கேக்கறாங்க."

அந்த வாரமே மாவட்டத்துக்குக் கடிதம் எழுதினாள். 'கீழ்க்கண்ட நிகழ்ச்சிகள் நடக்கவில்லை. நடந்ததாக எழுதியது நான்' என்று தொடங்கி, எட்டுப் பக்கத்துக்குத் தேதியும் பெயரும். தலந்தின் பெயர் எங்கும் இல்லை. கடைசி வரியாகத் தன்னுடைய மாலையை எழுதியிருந்தாள். சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று என்னிடம் கொண்டுவந்தாள். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு. இந்த ஊரில் எனக்கு வேறு வேலையும் கிடையாது. அறிக்கையைப் படிக்காமலே கையெழுத்துப் போட்ட நான், அந்தக் கடிதத்தை இரண்டு முறை முழுதாகப் படித்தேன். படித்துவிட்டுப் போடவில்லை.

"சரி," என்றாள். காகிதங்களை நேராகத் தட்டி அடுக்கிக்கொண்டு போனாள்.

செப்டம்பரில் மாவட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அரை நாள் இருந்தார்கள். தலந்த் அவர்களுக்கு மதியச் சாப்பாடு போட்டான். அவர்கள் எழுதிய முடிவு இதுதான்: தவறு முழுவதும் முன்னாள் ஊழியர் ஒருவருடையது, அவர் ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டார். அவள் எழுதிக் கொடுத்த நிகழ்ச்சிகளைக் கழித்துப் பார்த்தபோது எங்கள் மன்றத்தின் வருகை எண்ணிக்கை பாதிக்குமேல் இறங்கியது. அந்த எண்ணிக்கைக்கு இத்தனை ஆட்கள் தேவையில்லை என்று, பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் வேலையை எடுத்துவிட்டார்கள். ஊரில் தவறாமல் நடந்துவந்த ஒன்று அந்த நடன வகுப்பு. தலந்த் அடுத்த மாதமே மாவட்ட அலுவலகத்தில் துணை அதிகாரியாகப் போனான்.

பிள்ளைகளின் தாய்மார்கள் புருலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ரொட்டிக்கடையில் நான் பக்கத்தில் நிற்கும்போதே ரக்கியா கேட்டாள்.

"உங்க கவிதைய யாரும் கேக்கலன்னு எங்க பிள்ளைங்க ஆட்டத்த நிறுத்திட்டீங்களே எஜே, மனசு ஆறிச்சா?"

புருல் ரொட்டியை வாங்கிப் பையில் வைத்தாள். "ஆறல," என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு அதற்குப்பின் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். குளிர்காலத்துக்காக முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நூலகத்துல வெச்சுக்கலாம், எஜே. பெரிய ஹால் வேண்டாம். பத்துப் பேரை நான் கூட்டிட்டு வரேன். நீங்க வாசிங்க."

கத்தி நிற்கவே இல்லை. "நடக்கலன்னு என் கைப்பட எழுதிக் குடுத்திருக்கேனே. இப்ப நடத்தினா அதுவும் பொய்யாயிடும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து, "இப்ப மட்டும் சிரிப்பு வரலையா?" என்றாள். கல்யாணத்தன்று நான் சிரித்ததை மறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நவம்பரில் மீரிம் தன் மகளைப் பார்த்துக்கொள்ளப் புருலை மாஸ்கோவுக்கு அழைத்துக்கொண்டாள். சந்தை வாசலில் பேருந்து ஏறினாள். வழியனுப்ப நான் ஒருவன்தான். பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, நோட்டுகளை எடுத்துக்கொண்டாளா என்று கேட்டேன். துணிக்கு நடுவில் இருக்கிறது என்றாள். ஒன்றையாவது இங்கேயே படிக்கக் கேட்டிருக்கலாம். பேருந்து கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஓட்டுநர் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் குளிரைப் பற்றியும் எல்லையில் காத்திருக்க வேண்டியதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன்.

அங்கே அவள் நன்றாக இருப்பதாகவும், பேத்திக்குக் கிர்கிஸ் மொழி சொல்லிக்கொடுப்பதாகவும் மீரிம் இரண்டொரு முறை எழுதினாள். புருலின் கவிதைகள் நல்லவையா, சுமாரா, ஒன்றுக்கும் உதவாதவையா என்று எனக்குத் தெரியாது. அர்பா-சாயில் யாருக்கும் தெரியாது.